மின்னோட்டம் பாயும்போது அளத்தல்

ஒரு வாகனத்தின் மின்னேற்ற அமைப்பு என்பது ஆல்டர்னேட்டர், பேட்டரி, அவ்விரண்டையும் இணைக்கும் தடித்த கம்பி, மின்னோட்டம் திரும்பி வருவதற்குப் பாதையாக அமையும் எஞ்சின் உடல், அடிச்சட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு மூடிய சுற்று. இச்சுற்றின் எந்த மூலையில் பழுது நேர்ந்தாலும் அது வெளிப்படுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான்: காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் 'கட் கட்' என்று ஒலித்துவிட்டுச் சுழலாமல் நின்றுவிடும். குறை பேட்டரியில் தெரிவதால் காரணமும் பேட்டரியில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிப் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்துவதும், சில வாரங்களில் அதுவும் படுத்துவிட்ட பிறகு ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதும், அதன் பிறகும் தீராத குறை கடைசியில் துருவேறிய ஓர் எர்த் கம்பியில் வந்து முடிவதும் பழுதுபார்ப்புத் தொழிலில் அடிக்கடி காணப்படும் வரிசை. விலை உயர்ந்த பொருளில் தொடங்கி விலை குறைந்ததில் முடியும் இவ்வரிசையைத் தலைகீழாக்குவதற்கு வேண்டியவை ஒரு சாதாரண மல்டிமீட்டரும், எதை எப்போது அளக்க வேண்டும் என்ற தெளிவுமே.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் வழியில் உள்ள பாரிவாக்கம், இந்த அமைப்பின் எல்லா வகைகளையும் ஒரே சாலையில் காணக்கூடிய இடம். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் கம்பெனி பேருந்துகள், கால் டாக்சிகள், ஆட்டோக்கள், இருசக்கர வாகனங்கள் என்று அங்கே கடந்து செல்பவை பலவகைப்பட்டாலும், மின்னியல் நோக்கில் அவை மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். கார்களில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் ஆல்டர்னேட்டரும் உள்ளன. கனரக லாரிகளும் பெரிய பேருந்துகளும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் இயங்குகின்றன. இருசக்கர வாகனங்களும் பெரும்பாலான ஆட்டோக்களும் நிலைக்காந்தம் சுழலும் மேக்னெட்டோவிலிருந்து மின்னேற்றம் பெறுகின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகள்கூட இரண்டாம் குடும்பத்துக்கு உறவுதான். செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது அம்பத்தூரை அடுத்த பாடியில் என்பதால், இவ்வட்டாரத்துக்கு அப்பொருள்கள் அயலானவையும் அல்ல.

பட்டறைகளில் இன்றும் டைனமோ என்றே வழங்கும் ஆல்டர்னேட்டர், 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி இயங்குகிறது. அதாவது, ஒரு கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். எஞ்சினின் பெல்ட்டால் சுழற்றப்படும் ரோட்டார் ஒரு மின்காந்தம். அதற்கு வேண்டிய சில ஆம்பியர் மின்னோட்டம், தண்டின் மேல் உள்ள இரண்டு வளையங்களைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கார்பன் பிரஷ்கள் வழியாகச் செல்கிறது. ரோட்டாரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் மூன்று தொகுதிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாக, ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும் ஆறு சிலிக்கான் டயோடுகள் அதைப் பேட்டரி ஏற்கத்தக்க நேர்திசை மின்சாரமாக்குகின்றன. வாங்கத்தக்க விலையில் சிலிக்கான் டயோடுகள் வரும்வரை வாகனங்களில் இருந்தது உண்மையான டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதிலிருந்து ஏறத்தாழ ஒன்றும் கிடைக்காது. 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியதையடுத்து மற்றவர்களும் அவ்வழிக்கு மாறினர். எஞ்சின் வேகமும் மின்சுமையும் எப்படி மாறினாலும் வெளியீடு 14 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்படி, ரோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆள்வது ரெகுலேட்டரின் வேலை. ஈய அமில பேட்டரியின் ஓர் அறை ஓய்வு நிலையில் 2.1 வோல்ட் தரும்; ஆறு அறைகளுக்கு 12.6 வோல்ட். அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ள வேண்டுமானால் வெளியிலுள்ள அழுத்தம் அதைவிட உயர்ந்திருக்க வேண்டும். மிகவும் உயர்ந்துவிட்டால் அமிலக் கரைசலில் உள்ள நீர் பிரிந்து வாயுவாகிவிடும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலான குறுகிய எல்லை இவ்விரு நிபந்தனைகளுக்கு இடையே அமைந்த ஒன்று.

ஓட்டுநர் நம்பியிருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கு இந்த எல்லையைப் பற்றி ஏதும் அறியாது என்பதை நினைவில் வைப்பது நல்லது. பழைய, எளிய அமைப்பில் அவ்விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரின் உட்பகுதியோடும் இணைந்திருக்கும். எஞ்சின் ஓடாதபோது மறுமுனையில் அழுத்தம் இல்லாததால் விளக்கு எரிகிறது. அப்போது அதன் வழியே செல்லும் சிறு மின்னோட்டமே ரோட்டாரை முதன்முதலில் காந்தமாக்குகிறது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் இரு முனைகளும் சமமாகி விளக்கு அணைகிறது. இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரியாவிட்டால் அதுவே ஒரு குறை. பல்பு பியூஸ் ஆனதால் மட்டுமே ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமல் கிடந்த வண்டிகள் உண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் தடித்த கம்பி அறுந்துபோனாலும், விளக்குக்கான சிறு டயோடுகள் தனியே இருப்பதால், விளக்கு அணைந்தே இருக்கக்கூடும். ரெகுலேட்டர் கெட்டு 16 வோல்ட் ஏறினாலும் விளக்கு பெரும்பாலும் எதையும் காட்டாது. அதை முதலில் அறிவிப்பது பேட்டரியிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம்.

ஆகவே அளவீடு பேட்டரியிலேயே தொடங்குகிறது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு முனைகளுக்கிடையே 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்துள்ளது, 12.2 இருந்தால் ஏறத்தாழ பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்று கொள்ளலாம். 10.5 வோல்ட்டை ஒட்டிய அளவு, எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும், மீண்டும் மீண்டும் வந்தால் ஆறு அறைகளில் ஒன்று உள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள்; அந்த ஒரு நிலையில் பேட்டரியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் காட்டினால் பலர் மீட்டரைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையான சோதனை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

காரணம், மின்னோட்டம் பாயாத சுற்றில் அளக்கப்படும் மின்னழுத்தம் கம்பியின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் துருவால் முக்கால் பங்கு அடைத்துக்கொண்டிருந்தாலும், கீழே குழாயைத் திறக்காதவரை அங்கே முழு அழுத்தம் இருக்கும்; திறந்த பிறகே அடைப்பு தெரியும். ஓமின் விதி இதையே எண்ணாகத் தருகிறது: இழக்கப்படும் வோல்ட் என்பது மின்தடையை மின்னோட்டத்தால் பெருக்கி வருவது. ஒரு மூட்டில் 0.02 ஓம் மின்தடை ஏறியிருப்பதாகக் கொண்டால், ஒரு ஆம்பியர் எடுக்கும் டெஸ்ட் லேம்ப் அதன் வழியே பளிச்சென்று எரியும், இழப்பு 0.02 வோல்ட் மட்டுமே. அதே மூட்டில் 50 ஆம்பியர் பாய்ந்தால் 1 வோல்ட் காணாமல் போவதோடு, 50 வாட் வெப்பமும் அங்கே பிறக்கிறது. மல்டிமீட்டரின் ஓம் அளவில் இந்த 0.02-ஐக் காண முயல்வதும் வீண். மீட்டரின் சொந்தக் கம்பிகளின் மின்தடையே அதைவிட அதிகம். பல இழைகளைக் கொண்ட ஒரு கம்பியில் ஓரிரு இழைகள் மட்டுமே மிஞ்சியிருந்தாலும் மீட்டரின் 'பீப்' ஒலி குறைவின்றி வரும் என்பதால், அந்த ஒலியை நம்பி கம்பியை நல்லது என்று தீர்ப்பதைப் போன்ற தவறு இத்துறையில் வேறில்லை.

சரியான முறை மின்னழுத்த இழப்பை நேரடியாக அளப்பது. எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுழற்சி அளவில் வைத்து, முகப்பு விளக்குகள், ஏசி, புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் ஆல்டர்னேட்டரிலிருந்து 40, 50 ஆம்பியர் வரை வெளியேறும். அப்போது மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தால், அவ்விரண்டுக்கும் இடையே இழக்கப்படும் வோல்ட் தெரியும், அது 0.2, 0.3-க்கு மேல் போகக்கூடாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மீட்டர் முனையை வைக்க வேண்டியது பேட்டரியின் ஈயத் தலையில்; அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால், கிளாம்ப்புக்கும் தலைக்கும் இடையே பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பால் ஏற்படும் இழப்பு கணக்கில் வராமல் தப்பிவிடும். முதலில் கிளாம்ப்பிலும் பிறகு ஈயத் தலையிலும் வைத்துப் பார்த்து, இரு அளவுகளும் வேறுபட்டால், வெந்நீர் ஊற்றிக் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோடு வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலோர் மறப்பது திரும்பு பாதையை. பேட்டரியின் எதிர்முனைக்கும் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் இடையே அதே சுமையில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் வர வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் அடிச்சட்டத்துக்கும் இயல்பான உலோகத் தொடர்பு கிடையாது. பின்னல் பட்டையாக அமைந்த ஓர் எர்த் கம்பியே அவற்றை இணைக்கிறது. எடுத்துக்காட்டாக, ஆல்டர்னேட்டரில் அதன் உடலைச் சார்ந்து 14.3 வோல்ட்டும், பேட்டரியில் 13.1 வோல்ட்டும் இருந்து, நேர்ப்பக்க இழப்பு 0.1 மட்டுமே என்றால், மீதி 1.1 வோல்ட் அந்தப் பட்டையில்தான் கரைகிறது. இத்தகைய வண்டியில் ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் எத்தனை முறை மாற்றினாலும் பேட்டரி அரைகுறையாகவே நிறையும். அரை நிறைவில் நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, மீட்க முடியாதபடி அதன் கொள்ளளவைக் குறைத்துவிடும். எர்த் பட்டை முற்றிலும் விட்டுப்போன வண்டிகளில் செல்ஃப் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அவற்றைச் சுட வைப்பதும் உண்டு. காரணமின்றிக் கருகிய கேபிள் உறையைக் காணும் மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டியது எர்த்தைத்தான்.

இவ்விரு இழப்புகளும் எல்லைக்குள் இருந்து, சுமையின்போது ஆல்டர்னேட்டரிலேயே 13.5 வோல்ட் நிற்கவில்லையென்றால் மட்டுமே அதைக் கழற்றுவதற்குப் பொருள் உண்டு. அதற்கும் முன்பாக, பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பார்த்துவிடலாம். கழற்றாமலே டயோடுகளின் நிலையை அறிய, மீட்டரை மாறுதிசை அளவுக்கு மாற்றிப் பேட்டரியில் வைத்தால் போதும்: 0.5 வோல்ட்டுக்கு மேல் மாறுதிசைக் கூறு தென்பட்டால் ஏதோ ஒரு டயோடு பழுதாகியிருக்கிறது. எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஒரு ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்பதும் அதன் அறிகுறியே. திறந்துபோன டயோடு வெளியீட்டைக் குறைப்பதோடு நின்றுவிடும். கசியும் டயோடோ இரவு முழுவதும் பேட்டரியை ஆல்டர்னேட்டருக்குள் வடியவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. பேட்டரி கம்பியை ஓடும் எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டு, "வண்டி நிற்கவில்லை, அதனால் டைனமோ நன்று" என்று முடிவு செய்யும் பழைய வழக்கம் மட்டும் கைவிடப்பட வேண்டியது. திடீரென்று சுமை விலகும்போது ரோட்டாரின் காந்தப்புலம் உடனே தணியாததால், அழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுகளுக்குத் தாவி எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியையே பலி வாங்கக்கூடும்.

வட்டாரத்தின் தட்பவெப்பமும் போக்குவரத்தும் இக்கணக்கில் சேர்கின்றன. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுவிதிப்படி, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் சென்னையில் எஞ்சின் அறைக்குள் இருக்கும் பேட்டரியின் தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ வழித்தடத்தின் பணிகளால் போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே வண்டிகள் ஊர்ந்து சென்ற ஆண்டுகளில், ஏசி போட்ட கால் டாக்சிகளின் எஞ்சின்கள் பெரும்பாலான நேரம் ஐடிலிங்கிலேயே ஓடியிருக்கும். அந்த வேகத்தில் சூடேறிய ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் பாதியளவே தர இயலும் என்பதால், ஓடும் வண்டியிலேயே பேட்டரி மெல்ல வடிவது பழுதில்லாமலும் நிகழக்கூடிய ஒன்று.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையும் வேறொரு வகைப் பழுதை விட்டுச்சென்றன. ஆல்டர்னேட்டருக்குள் புகுந்த சேற்று நீர் பேரிங்கையும் வளையங்களையும் கெடுப்பது உடனே தெரிந்துவிடும். கம்பியின் வெட்டுமுனையில் நனைந்த நீர், நுண்துளைக் கவர்ச்சியால் இழைகளுக்கிடையே உறைக்குள் ஏறிச் செப்பைப் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் மாற்றுவது மாதங்கள் கழித்தே தெரியும். வெளியே உறை புதிதுபோல் இருக்க, மூட்டிலிருந்து ஒரு சாண் தூரம் வரை உள்ளே பொடிந்துபோன கம்பியை மின்னழுத்த இழப்புச் சோதனையைத் தவிர வேறெதுவும் எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை.

24 வோல்ட் வண்டிகளில் மனிதர்களே உண்டாக்கும் ஒரு பழுது தனியே பேசத்தக்கது. சந்தையில் கிடைக்கும் பாட்டு செட், செல்போன் சார்ஜர், அலங்கார விளக்கு ஆகியவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. கம்பெனி பேருந்திலோ லாரியிலோ அவற்றைப் பொருத்துபவர், தொடராக உள்ள இரண்டு பேட்டரிகளில் எர்த் பக்கத்து பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துவிடுகிறார். அந்த ஒரு பேட்டரி கூடுதலாக வடிகிறது. ஆனால் தொடரிணைப்பில் இரண்டுக்கும் பாயும் மின்னேற்ற மின்னோட்டம் ஒன்றே. ஆல்டர்னேட்டர் காண்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே என்பதால், 28.2 வோல்ட் என்ற குறையற்ற அளவின் கீழே ஒன்றில் 13.2 வோல்ட்டும் மற்றொன்றில் 15 வோல்ட்டும் மறைந்திருக்கலாம். முதலாவது எப்போதும் நிறையாமல் சல்பேட் படிந்து சாகும். இரண்டாவது எப்போதும் மிகையாக நிறைந்து தண்ணீர் வற்றிச் சாகும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும்போது ஒரு பேட்டரி மட்டும் அளவுக்கு மீறிக் குடிக்கிறது என்பதை ஓட்டுநர் கவனித்திருப்பார். அதற்குப் பேட்டரி கம்பெனியைக் குறை சொல்லுவார். இரண்டையும் தனித்தனியே அளந்து பார்ப்பதே கண்டறியும் வழி. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துவது தீர்வு. இரண்டில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது இந்த ஏற்றத்தாழ்வை மேலும் வளர்க்கும்.

மேக்னெட்டோ வண்டிகளில் காந்தத்தின் வலுவைக் குறைக்க வழியில்லாததால், பெரும்பாலான மாதிரிகளில் மிகுதியான மின்சாரத்தை ஆர்.ஆர். யூனிட் எனப்படும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் எர்த்துக்குத் திருப்பி வெப்பமாகக் கழிக்கிறது. காற்றுப் படாத இடத்தில் மண் அப்பிக் கிடக்கும் அந்த யூனிட் கருகுவதில் வியப்பில்லை.

புதிய கார்களில் மேலே சொன்ன எண்கள் சிலவற்றைத் தளர்த்திப் படிக்க வேண்டியுள்ளது. எரிபொருளைச் சேமிப்பதற்காக எஞ்சின் கணினியே ஆல்டர்னேட்டரை ஆளும் மாதிரிகளில், வேகம் குறைக்கும்போது 14.8 வோல்ட் வரை ஏறுவதும், சீராகச் செல்லும்போது 12.8 வோல்ட்டில் இறங்கி நிற்பதும் இயல்பே; ஒரே ஓர் அளவைக் கண்டு ஆல்டர்னேட்டரைக் குற்றம் சாட்ட இங்கே இடமில்லை, கணினி எத்தனை வோல்ட் கேட்கிறது என்பதை ஸ்கேனரில் படித்த பிறகே ஒப்பிட முடியும். இத்தகைய பல வண்டிகளில் எதிர்முனை கிளாம்ப்பிலேயே ஓர் உணரி அமர்ந்து, பேட்டரிக்குள் போகும், வரும் மின்னோட்டத்தை இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் பொருத்தப்படும் ஜிபிஎஸ் கருவிக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ எதிர்முனைக் கம்பியைப் பழைய பழக்கத்தில் நேராகப் பேட்டரியின் ஈயத் தலையில் முடுக்கிவிட்டால், அக்கருவி குடிக்கும் மின்சாரம் உணரியைக் கடக்காமலே போய்விடும். பேட்டரி வடிய வடிய, அது நிறைந்திருப்பதாகவே கணினி நம்பி மின்னேற்றத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியைக் கழற்றி அடிச்சட்டத்தின் எர்த் போல்ட்டில் முடுக்கி, உணரியை மறுபடி கணக்கைத் தொடங்கவிட்டால், பழுது என்று வந்த வண்டி எந்தப் பொருளும் மாற்றாமலே திரும்பிச் செல்லும்.